வாடிக்கையாளரின் வெப்சைட்டையும் மெயிலையும் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஹோஸ்டிங், மெயில் இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பனியன் கம்பெனிகள்தான் அதிகம். பொள்ளாச்சியில் இரண்டு தென்னைநார் மில், காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில், கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர், ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி, ஒரு பள்ளிக்கூடம் என்று மொத்தம் 23 பேர். எல்லாரும் ஒரே ரீசெல்லர் கணக்கில் (ஹோஸ்டிங்கை மொத்தமாக வாங்கிப் பலருக்குப் பிரித்துத் தரும் கணக்கு) இருந்தார்கள். அந்த ஹோஸ்டிங் நிறுவனம் சேவையை நிறுத்தப் போவதாகச் சொல்லி 30 நாள் அவகாசம் கொடுத்தது. அந்த 30 நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாற்றியது ஓர் ஏற்றுமதி கம்பெனி. புதன்கிழமை மாலை ஆரம்பித்தேன், இரண்டு மணி நேரத்தில் வெப்சைட் புது சர்வரில் ஓடியது. வேலை முடிந்ததென்று அடுத்த வாடிக்கையாளருக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை காலை அங்கே மெர்ச்சண்டைசராக இருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு நாளா பையர் மெயில் ஒண்ணும் வரலீங்க. லேப் டிப் அப்ரூவல் வந்தாத்தானுங்க சாயத்துக்குக் கொடுக்க முடியும்?"

மெயில் வந்துகொண்டுதான் இருந்தது, புது சர்வரில் இருந்த பெட்டிக்கு. அலுவலகத்தில் இருந்த ஒன்பது கம்ப்யூட்டரிலும் அவுட்லுக்கில் பழைய சர்வரின் பெயர் இருந்ததால், எல்லாரும் பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு மெயில் பழைய பெட்டிக்கும் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லேப் டிப், அதாவது சாய மாதிரிக்கான அப்ரூவல், புதன்கிழமை இரவே வந்திருக்கிறது. அந்தத் துணி சாயப்பட்டறைக்கு ஒன்றரை நாள் தாமதமாகப் போனது.

வெப்சைட் ஒரு வேலை, மெயில் வேறொரு வேலை என்று அன்றைக்கே பிரித்துவிட்டேன். இரண்டுக்கும் தனி நாள், தனிப் பட்டியல், தனிக் கட்டணம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

1. டொமைன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

டொமைன் பதிவு, டிஎன்எஸ் (வெப்சைட்டும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல்), வெப்சைட் இருக்கும் இடம், மெயில் இருக்கும் இடம் இந்த நான்கும் வேறு வேறு. ஒரே நிறுவனத்திடம் நான்கும் இருக்கலாம், நான்கும் நான்கு இடத்தில் இருக்கலாம். வாடிக்கையாளருக்குத் தெரியாது. "நம்ம வெப்சைட்டு" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்வார்கள். நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என் 23 பேரில் ஆறு பேருடைய டொமைன், முன்பு வேலை செய்து கொடுத்த வேறொரு டிசைனரின் பெயரிலும் அவருடைய மெயில் முகவரியிலும் பதிவாகியிருந்தது. லாகின் இல்லாமல் எதையும் தொட முடியாது. அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், பாக்கி ஏதாவது இருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லித் தீர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஆளே கிடைக்கவில்லை என்றால் டொமைன் பதிவு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அதற்கு இவற்றை எடுத்து வையுங்கள்:

- கம்பெனி லெட்டர்ஹெட்டில் உரிமையாளர் அல்லது பார்ட்னர் கையெழுத்திட்டு, சீல் வைத்த கடிதம்
- ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், பான் கார்டு நகல், இருந்தால் உத்யம் சான்றிதழ்
- கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை
- டொமைனுக்குப் பணம் கட்டிய பழைய பில் அல்லது பேங்க் ஸ்டேட்மெண்ட்

இதற்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும் என்று வைத்துக்கொண்டு, இதையே முதல் வேலையாக ஆரம்பித்துவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் பலர், ஹோஸ்டிங் மாற்ற டொமைனையும் டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. டாட் காம் டிரான்ஸ்ஃபருக்கு ஐந்து நாள் வரை ஆகலாம், ஒரு வருடப் புதுப்பிப்புக் கட்டணமும் சேரும், புதிதாகப் பதிந்த அல்லது சமீபத்தில் டிரான்ஸ்ஃபர் ஆன டொமைனுக்கு 60 நாள் தடையும் உண்டு. அதோடு பழைய நிறுவனம் தந்துகொண்டிருந்த டிஎன்எஸ் டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் நின்றுபோகலாம், அப்போது மெயிலும் சேர்ந்து நிற்கும். டொமைன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஹோஸ்டிங் வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். காலாவதித் தேதியை மட்டும் இப்போதே பாருங்கள். அடுத்த 45 நாளுக்குள் முடிவதாக இருந்தால் இருக்கும் இடத்திலேயே புதுப்பித்துவிட்டு மேலே போங்கள்.

2. நேரில் போய்க் கணக்கெடுங்கள்

போனில் கேட்டால் "மூணு மெயில் ஐடிதானுங்க" என்பார்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனலில் பதினொன்று இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் பெட்டிக்கு வரும் மெயில் முதலாளிக்கு ஃபார்வேர்டு ஆகிக்கொண்டிருக்கும், அது அவருக்கே நினைவிருக்காது. அதனால் பேனலையும் பாருங்கள், அலுவலகத்துக்கும் போங்கள்.

பேனலில்: டிஎன்எஸ் பகுதியில் உள்ள எல்லா ரெக்கார்டையும் வரிக்கு வரி நகலெடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். மெயில் பெட்டிகள், ஒவ்வொன்றின் அளவு, ஃபார்வேர்டர்கள், ஆட்டோ ரிப்ளை, ஃபில்டர்கள், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), சப்டொமைன்கள், பிஎச்பி பதிப்பு, டேட்டாபேஸ் அளவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில்: ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அவுட்லுக் செட்டிங்கைத் திறந்து, ஐமேப்பா (மெயில் சர்வரிலேயே இருக்கும்) பாப்3-ஆ (மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும்), உள்வரும் சர்வர் பெயர் என்ன என்று எழுதுங்கள். பாப்3 என்றால் பழைய மெயில் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும், சர்வரில் இருக்காது. அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் அந்த பிஎஸ்டி ஃபைலை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்காமல் எதையும் தொடாதீர்கள். ஓர் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் எட்டு வருட மெயில் ஒரே பிஎஸ்டி-யில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரோடு முடிவதில்லை. டேலியிலிருந்து நேராக இன்வாய்ஸ் மெயில் போகும், அதற்குள் ஒரு பாஸ்வேர்டு இருக்கும். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், எச்சரிக்கை மெயில் அனுப்பும் கேமரா பெட்டி, முதலாளியின் போன், அவர் மகனின் போன், இவற்றையும் பட்டியலில் சேருங்கள். நான் விட்ட ஒரு ஜெராக்ஸ் மெஷினால் பேக்கிங் லிஸ்ட் மூன்று நாள் ஷிப்பிங் ஏஜெண்டுக்குப் போகவில்லை.

3. புது ஹோஸ்டிங் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

இடம் எத்தனை ஜிபி என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். ஃபைல் எண்ணிக்கை வரம்பை யாரும் பார்ப்பதில்லை. ஐமேப் பெட்டியில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். பத்துப் பேர் பத்து வருடம் மெயிலை அழிக்காமல் வைத்திருந்தால் இடம் மிச்சமிருக்கும்போதே வரம்பு முடிந்துவிடும். அதனால் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஃபைல் எண்ணிக்கை வரம்பு எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை மெயில் அனுப்பலாம், ஒரு பெட்டிக்கு அதிகபட்ச அளவு எவ்வளவு, பழைய பிஎச்பி பதிப்பு கிடைக்குமா, முழு பேக்கப்பை அவர்களே ஏற்றித் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா.

பழைய இடம், புது இடம் இரண்டிலும் கன்ட்ரோல் பேனல் சிபேனல் என்றால் வேலை பாதியாகக் குறையும். முழு பேக்கப்பில் வெப்சைட், டேட்டாபேஸ், மெயில் பெட்டிகள், அவற்றின் பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் முழு பேக்கப்பைச் சாதாரண சிபேனல் கணக்கிலிருந்து நீங்களே ஏற்ற முடியாது, ஹோஸ்டிங் நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். வார இறுதியில் அந்த ஆள் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

செலவு விஷயம். ஹோஸ்டிங்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பில்லில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் அவர்கள் இன்புட் எடுக்க (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள) முடியும், அதனால் யார் பெயரில் வாங்குவது என்று முதலிலேயே ஆடிட்டரிடம் பேசச் சொல்லுங்கள். கார்டில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 15,000 ரூபாய்க்கு மேல் போகும் தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி போன போனை யாரும் பார்க்காவிட்டால் புதுப்பிப்பு நடக்காது. பழைய இடம், புது இடம் இரண்டுக்கும் ஒரு மாதம் சேர்ந்து வாடகை கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கொட்டேஷனிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கூலியையும் சரியாகக் கணக்கிடுங்கள். சாதாரண வேர்ட்பிரஸ் வெப்சைட்டுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம். ஒன்பது கம்ப்யூட்டர் என்றால் ஒரு பகல் போய்விடும். நான் முதலில் வெப்சைட்டுக்கு மட்டும் விலை சொல்லி, மெயில் வேலை முழுவதையும் இனாமாகச் செய்தேன். பெட்டிக்கு இவ்வளவு என்று தனியாகச் சொல்லுங்கள், கணக்கைக் காட்டினால் யாரும் மறுப்பதில்லை.

4. நாள் குறிப்பது

மாதம் 9 முதல் 11 வரை, 18 முதல் 20 வரை மெயிலைத் தொடாதீர்கள். மாதாந்திரம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, 3பி கடைசி நாள் 20. அந்த நேரத்தில் போர்ட்டல் ஓடிபி மெயிலுக்கு வரும். ஏற்றுமதியாளர்களுக்கு ஐஸ்கேட் (சுங்கத்துறை), டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் துறை) ஓடிபிகளும் அதே கம்பெனி மெயிலுக்கு வரலாம். ஷிப்மெண்ட் கிளம்பும் வாரமா என்று மெர்ச்சண்டைசரிடம் கேளுங்கள், முதலாளியைவிட அவர்களுக்குத்தான் அது சரியாகத் தெரியும்.

ஐரோப்பா, அமெரிக்கா பையர்கள் என்றால் சனிக்கிழமை இரவு முதல் ஞாயிறு இரவு வரை அமைதியான நேரம். ஆனால் திருப்பூரில் சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டுவாடா, அக்கவுண்ட்ஸ் ஆட்கள் எட்டு ஒன்பது மணி வரை கம்ப்யூட்டரில்தான் இருப்பார்கள். அது முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். சவுதி, குவைத் பக்கம் வியாபாரம் இருந்தால் அவர்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அப்படிப்பட்டவர்களுக்கு வெள்ளி இரவு ஆரம்பிக்கலாம். அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை என்றைக்கு என்றும் பாருங்கள். கம்ப்யூட்டர்களை மாற்றப் போகும் நாளில் காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

நாள் குறித்ததும் டிடிஎல்லைக் குறையுங்கள். ஒரு டிஎன்எஸ் விவரத்தை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான் டிடிஎல். சிபேனலில் இது வழக்கமாக 14400, அதாவது நான்கு மணி நேரம். சில இடங்களில் 86400, ஒரு முழு நாள். இதை 300 ஆக்குங்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே செய்துவிட வேண்டும், அன்றைக்குச் செய்தால் பலன் இல்லை. பழைய டிடிஎல்லோடு விவரத்தை ஏற்கெனவே வாங்கி வைத்தவர்கள் அந்த நேரம் முடியும் வரை திரும்பக் கேட்கமாட்டார்கள்.

5. வெப்சைட்டை ஏற்றி, யாருக்கும் தெரியாமல் சோதிப்பது

ஃபைல்களையும் டேட்டாபேஸையும் புது சர்வரில் ஏற்றுங்கள். டிஎன்எஸ்ஸை மாற்றும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் புது சர்வரைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸில் சி டிரைவுக்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்றொரு ஃபைல் இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதில் புது சர்வரின் ஐபி (சர்வரின் எண் முகவரி), ஓர் இடைவெளி, டொமைன் பெயர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சோதித்து முடித்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு வாடிக்கையாளர் "வெப்சைட் வரலீங்க" என்னும்போது உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

வேர்ட்பிரஸ் தளம் வெறும் வெள்ளையாகவோ 500 பிழையோடோ வந்தால், எனக்கு அடிக்கடி அகப்பட்ட காரணங்கள் மூன்று. ஒன்று, சர்வர் செட்டிங்குகள் இருக்கும் எச்டிஅக்ஸஸ் ஃபைலில் பழைய சர்வரின் பிஎச்பி பதிப்பைக் குறிக்கும் வரிகள் அப்படியே வந்திருக்கும். இரண்டு, வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு ப்ளகின் போட்டிருந்தால் யூசர் ஐஎன்ஐ ஃபைலில் பழைய சர்வரின் முழுப் பாதை எழுதியிருக்கும், புது இடத்தில் அந்தப் பாதை இருக்காது. மூன்று, டேட்டாபேஸ் பெயரும் பயனர் பெயரும் மாறியிருக்கும், கான்ஃபிக் ஃபைலில் மாற்றியிருக்க மாட்டோம்.

தமிழ் உள்ளடக்கம் உள்ள தளங்களுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத் தளத்தை ஏற்றியதும் முகப்பு அழகாக வந்தது. உள்ளே அறிவிப்புப் பக்கங்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள். டேட்டாபேஸை வெளியே எடுக்கும்போதோ உள்ளே ஏற்றும்போதோ எழுத்துக் குறியாக்கம் தவறியிருக்கிறது. இரண்டு பக்கமும் யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு மறுபடி எடுத்து ஏற்ற வேண்டும். கோணல்மாணலான லத்தீன் எழுத்தாக வந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். கேள்விக்குறியாக வந்தால் அந்த நகலில் தமிழ் அழிந்துவிட்டது என்று பொருள், பழைய சர்வரிலிருந்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பழைய சர்வரை அவசரப்பட்டு மூடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். சோதிக்கும்போது முகப்போடு நிற்காமல் பழைய தமிழ்ப் பக்கங்கள் நான்கைந்தைத் திறந்து பாருங்கள்.

ஆன்லைன் விற்பனை இருந்தால் பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் இரண்டிலும் பழைய சர்வரின் ஐபி அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துப் புது ஐபி-யைச் சேருங்கள். இதற்கு அவர்கள் ஓரிரு வேலை நாள் எடுத்துக்கொள்வதுண்டு. கடைசியாக நகலெடுத்த பிறகு பழைய தளத்தில் ஆர்டர் விழக்கூடாது, அதைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிடுங்கள்.

6. மெயில்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடத்தை முதலில் சொல்கிறேன். சிபேனலில் வழக்கமாக எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயிலை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) டொமைன் பெயரையே சுட்டும். அதாவது "இந்த டொமைனின் மெயிலை, வெப்சைட் இருக்கும் இடத்திலேயே கொடுங்கள்" என்று பொருள். நீங்கள் வெப்சைட்டுக்காக ஏ ரெக்கார்டை (ஒரு பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் வரி) மட்டும் மாற்றினாலும் மெயிலும் புது சர்வருக்குப் போய்விடும், அங்கே பெட்டியே இல்லாவிட்டால் அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். பையருக்கு "இப்படி ஒரு முகவரியே இல்லை" என்று பதில் போவதைப் போல மோசமானது வேறில்லை. ஆகவே வெப்சைட்டைத் தொடும் முன், மெயில் என்ற பெயரில் தனி ஏ ரெக்கார்டு ஒன்றைப் பழைய ஐபி-க்கு வைத்து, எம்எக்ஸ்ஸை அந்தப் பெயருக்கு மாற்றுங்கள். அதன் பிறகு வெப்சைட் தனியாக நகரும்.

அடுத்து, புது சர்வரில் எல்லாப் பெட்டியையும் உருவாக்குங்கள், ஃபார்வேர்டர்களையும். பெட்டி இல்லாத முகவரி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பழைய மெயிலை நகலெடுக்க ஐமேப்சிங்க் என்ற கருவி நன்றாக வேலை செய்கிறது. இரண்டு சர்வரின் பெயர், இரண்டு பாஸ்வேர்டு கொடுத்தால் ஃபோல்டர் ஃபோல்டராக எடுத்துப் போகும், ஏற்கெனவே போனதை மறுபடி போடாது. அதனால் நான்கு நாள் முன்பே ஒரு தடவை ஓட்டிவிடலாம். பெரிய பகுதி அப்போதே போய்விடும், மாற்றும் இரவில் மிச்சம் மட்டும் போகும். உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து ஓட்டாமல் ஏதாவது ஒரு சர்வரிலிருந்து ஓட்டுங்கள். 10 ஜிபி பெட்டி ஒன்று எனக்கு ஓர் இரவு முழுக்க எடுத்தது.

புது மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால் இந்தக் கணக்கு மாறும். ஐமேப் வழியாக ஒரு பெட்டிக்கு ஒரு நாளில் 500 எம்பி வரைதான் ஏற்ற கூகுள் அனுமதிக்கிறது. 10 ஜிபி-க்கு இருபது நாள் ஆகும். அங்கே கூகுளே தரும் இடமாற்றக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

வெளி நிறுவனத்துக்கு மெயிலை மாற்றி, வெப்சைட்டைச் சிபேனலிலேயே வைப்பவர்கள், மெயில் ரூட்டிங் என்ற செட்டிங்கை "ரிமோட்" ஆக்க வேண்டும். "லோக்கல்" என்று இருந்தால், வெப்சைட்டின் என்கொயரி ஃபார்மிலிருந்து கிளம்பும் மெயில் எம்எக்ஸ்ஸைப் பார்க்காமல் அதே சர்வரில் உள்ள பழைய பெட்டியில் விழுந்துவிடும். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் சரியாக வரும், என்கொயரி மட்டும் காணாமல் போகும். கரூர் வாடிக்கையாளருக்கு இப்படி மூன்று வாரத்து என்கொயரி பழைய பெட்டியில் கிடந்தது. பழைய ரீசெல்லர் சர்வரிலும் இதே கதைதான். உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவரை நகர்த்திவிட்டு இன்னொருவரை அங்கேயே வைத்திருந்தால், இருப்பவர் போனவருக்கு அனுப்பும் மெயில் பழைய பெட்டியிலேயே நின்றுவிடும். நகர்த்தியவருக்கும் அங்கே ரூட்டிங்கை ரிமோட் ஆக்குங்கள்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் விடாதீர்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் டிஎன்எஸ் வரிகள் இவை: எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்பது எஸ்பிஎஃப், மெயிலில் போடும் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி டிகேஐஎம், இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்பது டிமார்க். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். புதியதைச் சேர்த்துப் பழையதை அழிக்காமல் விட்டால் இரண்டுமே செல்லாது. மாற்றும் வாரத்தில் அந்த ஒரே வரிக்குள் பழைய ஐபி, புது ஐபி இரண்டையும் எழுதுங்கள். டிகேஐஎம் சாவி புது சர்வரில் வேறாக இருக்கும், டிஎன்எஸ் வெளியில் இருந்தால் நீங்களே போய்ச் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லாருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம். புது சர்வரின் ஐபி ஏற்கெனவே ஸ்பேம் பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பேம்ஹாஸ் தளத்தில் பார்த்துவிட்டு, இருந்தால் வேறு ஐபி கேளுங்கள்.

7. மாற்றும் இரவு

நேம்சர்வரை (டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) மாற்றுவதைவிட ரெக்கார்டை மட்டும் மாற்றுவது வேகமானது. டிடிஎல் 300 என்றால் சில நிமிடங்களில் பெரும்பாலானவர்களுக்கு மாறிவிடும். டாட் காம் நேம்சர்வர் விவரத்தை மற்றவர்கள் 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம். நேம்சர்வரையே மாற்ற வேண்டிய நிலை என்றால், முதலில் பழைய நேம்சர்வரில் உள்ள ரெக்கார்டுகளையும் புது ஐபி-க்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள். யார் எங்கே கேட்டாலும் ஒரே பதில் கிடைக்கும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று காட்டும் கையெழுத்து) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை எடுக்காமல் நேம்சர்வரை மாற்றினால் டொமைனே பலருக்குத் திறக்காது.

வரிசை இப்படி: ஐமேப்சிங்க் ஒரு தடவை, ரெக்கார்டு மாற்றம், ஜிமெயிலிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சோதனை மெயில், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பதில், எஸ்எஸ்எல் சான்றிதழ் வந்துவிட்டதா என்ற சோதனை. சான்றிதழ் இல்லாமல் காலையில் அவுட்லுக் திறந்தால் எச்சரிக்கை வரும், எல்லாரும் பயந்து போன் செய்வார்கள். மறுநாள் ஐமேப்சிங்க் மறுபடி, மூன்றாம் நாள் இன்னொரு தடவை. பழைய பெட்டியில் தாமதமாக விழுந்தவை இதில் வந்து சேரும்.

8. அலுவலகத்தில் முதல் நாள்

காலை ஒன்பதுக்கு முன்னே போய் உட்காருங்கள். அவுட்லுக்கில் பழைய அக்கவுண்டை நீக்காதீர்கள். ஐமேப் அக்கவுண்டை நீக்கினால் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த நகலும் போய்விடும். புது அக்கவுண்டைப் பக்கத்தில் சேர்த்து, இரண்டு வாரம் இரண்டும் இருக்கட்டும். உள்வருவதற்கு ஐமேப் 993, வெளிச்செல்வதற்கு 465 அல்லது 587. சர்வர் பெயராக ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரைப் போடாமல், வாடிக்கையாளரின் சொந்த டொமைனில் 6-ஆம் பகுதியில் வைத்த மெயில் என்ற பெயரைப் போடுங்கள். அடுத்த முறை ஹோஸ்டிங் மாறும்போது ஒரு கம்ப்யூட்டரையும் தொட வேண்டியிருக்காது. ஒன்பது கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் பழைய மெயிலை மறுபடி இறக்க ஆரம்பித்தால் நெட் திணறும், ஒன்றன் பின் ஒன்றாகச் செய்யுங்கள். பாப்3-ஐ அப்படியே தொடர்ந்தால் பழைய மெயில் எல்லாம் இரண்டாவது நகலாக இறங்கக்கூடும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விடாதீர்கள். மெயில் மாறும் வாரத்தில் பையர்களுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போகட்டும்: "எங்கள் மெயில் சர்வர் மாறுகிறது. முகவரி மாறாது. வங்கி விவரம் மாறாது. வங்கி விவரம் மாறியதாக மெயில் வந்தால் போனில் எங்களைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்." ஓர் எழுத்து மாற்றிய டொமைனிலிருந்து போலி இன்வாய்ஸ் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி ஏற்றுமதியாளர்களைக் குறிவைத்து நடக்கிறது. அலுவலகத்திலும் சொல்லுங்கள்: "உங்கள் பெட்டி நகர்கிறது, இங்கே பாஸ்வேர்டு போடுங்கள்" என்று லிங்க் வந்தால் அது நாம் அனுப்பியதில்லை. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

9. பழைய கணக்கை மூடுவது

முப்பது நாள் வைத்திருங்கள். எனக்குக் கிடைத்த அவகாசமே 30 நாள் என்பதால், நிறுத்த வேண்டாம் என்று கேட்டு இன்னொரு மாதத்துக்குப் பணம் கட்டினேன். வாரம் ஒரு தடவை பழைய பெட்டிகளைத் திறந்து, புதிதாக ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் எங்கோ ஒரு செட்டிங் இன்னும் பழைய இடத்தைச் சுட்டுகிறது. ஈரோட்டு மண்டியில் நான்காவது வாரம் வரை ஒரு மெயில் விழுந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில் குடோனில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்.

தொடர்ந்து இரண்டு வாரம் ஒன்றும் விழாவிட்டால் முழு பேக்கப் எடுத்து இரண்டு டிஸ்க்கில் போடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். எஸ்பிஎஃப் வரியிலிருந்து பழைய ஐபி-யை எடுங்கள், டிடிஎல்லை 14400 ஆக்குங்கள். டொமைன் எங்கே, யார் பெயரில், எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி உரிமையாளர் கையில் கொடுத்து, பில் ஃபைலோடு வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ரத்து செய்யச் சொல்லி எழுதி, ரத்தானதற்கான பதில் மெயிலை வாங்கிக்கொள்ளுங்கள்.